டீச்சர் வீட்டு ஸ்டாப்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் ரோட்டில் வரும் ஷேர் ஆட்டோக்களுக்கு அந்தக் காலனி முனையில் ஒரு நிறுத்தம் உண்டு. பலகை கிடையாது, நிழற்குடை கிடையாது. வேதா டீச்சர் அங்கே முதல் வீடாகக் கட்டிக்கொண்டு குடிவந்ததால் அதற்கு ‘டீச்சர் வீடு’ என்று பெயர் வந்துவிட்டது. ஆட்டோக்காரர் பாலு வண்டியின் வேகத்தைக் குறைக்கும்போதே, “டீச்சர் வூடெல்லாம் எறங்கு!” என்று குரல் கொடுப்பார். கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற வேதாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த மரியாதைகள் இரண்டே இரண்டு. ஒன்று, பள்ளியில் போர்த்திய பொன்னாடை. அது பீரோவில் இருந்தது. மற்றது பாலுவின் குரல். அதைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வாசலில் நின்று தினமும் கேட்டுக்கொள்வாள்.

2015 டிசம்பர் மழையில் பக்கத்து ஆறு நிரம்பிக் காலனிக்குள் வந்தது. தாழ்ந்த வீடான வேதாவின் வீட்டில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். எதிர்வீட்டு ஜோவிதா தையல் தொழில் செய்பவள். மாடியில் ஒரு ஹால் கட்டி மெஷின்கள் போட்டிருந்தாள். தெரு முழுக்க அந்த ஹாலில் போய் ஏறியது. வேதாவும் கணவர் சத்யநாராயணனும்கூட ஏறினார்கள்.

அங்கே வேதா பட்டது கொஞ்சமல்ல. மாற்றுத்துணி இல்லாமல், பெரிய பெரிய சூரியகாந்திப் பூ போட்ட ஜோவிதாவின் நைட்டியை மாட்டிக்கொண்டு முன்னாள் மாணவிகளின் எதிரில் உட்கார வேண்டியிருந்தது. ஜோவிதாவோ பம்பரமாகச் சுற்றினாள். கல்யாண ரவிக்கைக்கு வந்திருந்த துணியை வெட்டிக் கைக்குழந்தைகளுக்குச் சுற்றினாள். இருந்த ரவையை எல்லாம் கிண்டி எல்லோருக்கும் கொடுத்தாள். வேதாவும் சும்மா இருக்கவில்லை. அழுத பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்துப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். அதைப் பெரியவர்கள் மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் மறக்கவில்லை, ஆனால் அவர்கள் அதை வெள்ளத்தோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருந்தார்கள்.

தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, ஆட்டோ மறுபடி ஓட ஆரம்பித்த முதல் நாள். வேதா வாசலில் நின்றாள்.

“ஜோவிதாக்கா வூடெல்லாம் எறங்கு!”

வேதாவுக்குப் பகீரென்றது. சேறு ஏறிய சோபாவைப் பார்த்தபோதுகூட அப்படி ஆகவில்லை. வயிறு எரிந்தது. எரிச்சலின் பெயர் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பொறாமை. அவள் அதை ஒளித்துவைக்கப் பார்க்கவில்லை, நன்றாக வளர்த்தாள்.

பாழான வீடுகளைத் திருப்பிக் கட்ட உதவுவதற்காக ஒரு தொண்டு அமைப்பிலிருந்து ஸ்ம்ருதி என்ற ஆர்க்கிடெக்ட் பெண் வந்தாள். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் கோலமாவைக் கேட்டு வாங்கினாள். தெருவின் நடுவிலேயே காலனியின் படத்தைக் கோலமாகப் போடச் சொன்னாள். பெண்கள் எல்லோரும் அவரவர் வீட்டை வரைந்ததும், “மறுபடி தண்ணி வந்தா எங்க போவீங்க? கை வச்சுக் காட்டுங்க” என்றாள்.

எல்லோருடைய விரலும் ஜோவிதா வீட்டின்மேல் போய் நின்றது. சத்யநாராயணனுடைய விரலும்தான். அன்று அவருக்குக் கிடைத்த சாம்பாரில் உப்பு இல்லை. அவர் ஏன் என்று கேட்கவும் இல்லை.

வேதா முடிவு செய்துவிட்டாள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். ஜோவிதா வீட்டைவிட உயரமாகக் கட்ட வேண்டும். வீடுகட்டித் தரும் தயாளனைக் கூப்பிட்டாள். காலனி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நெல் விளைவித்த குடும்பம் அவனுடையது.

“அதெல்லாம் மேட்டரே இல்ல டீச்சர். லாரி லாரியா இடிச்ச கல்லு மண்ணு ரப்பீஸ் அடிச்சு மனைய ஒரு ஆள் உசரம் தூக்கிடலாம். தண்ணி உன் வூட்டாண்டயே வராது” என்றான்.

வரைந்து தரச் சொல்லி ஸ்ம்ருதியிடம் போனபோது அவள் தலையை ஆட்டினாள்.

“இந்த பிளான் நான் போட மாட்டேன் மேடம்.”

“ஏம்மா? என் மனை, என் வீடு.”

“மனை உங்களுது. தண்ணி? நீங்க மேடு போட்டா உங்க இடத்துல நிக்க வேண்டிய தண்ணி எதிர்வீட்டுலதான் போய் நிக்கும். ஒரு வீட்டைக் காப்பாத்தறதுக்கு இன்னொரு வீட்டை மூழ்கடிக்கிறது கட்டடமே இல்ல.”

எதிர்வீட்டிலா? வேதாவின் மனசுக்குள் ஒரு வினாடி குளுகுளுவென்றது. போகட்டுமே என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண் கண்ணைப் பார்த்தபடியே நின்றதால் விழுங்கிக்கொண்டாள்.

ஸ்ம்ருதி வேறு ஒரு படம் காட்டினாள். தூண்கள்மேல் வீடு. கீழே சுவரே கிடையாது, ஆறு வந்தால் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். தெருவிலிருந்தே ஏறுகிற மாதிரி வெளியே அகலமான மாடிப்படி. முடியாதவர்களை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறலாம். மேலே பெரிய வராந்தா.

“ஒரே ஒரு விஷயம் மேடம். படிக்குக் கேட் போட்டுடாதீங்க. கதவு வேணும்னா மேல, வீட்டுக்கு வச்சுக்கோங்க. படி தெருவுக்கு இருக்கட்டும்.”

வேதா மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். தூண்மேல் கட்டினாலும் ஜோவிதா வீட்டைவிட ஒரு முழம் உயரம் வருகிறது. சரி என்றாள்.

வீடு எழுந்தது. வராந்தாவில் நின்றால் ஜோவிதா மாடியில் காயும் துணி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பது ஒரு சுகமாக இருந்தது. ஸ்ம்ருதி அடுத்த ஊர் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் வேதா பம்மலிலிருந்து வெல்டரை வரவழைத்தாள். படியின் அடியில் தலைக்குமேல் உயரமாக ஒரு இரும்பு கேட். அதில் ‘வேதா இல்லம்’ என்று பித்தளை எழுத்து. பெரிய பூட்டு.

கேட்டவர்களிடம் திருட்டு பயம் என்று சொன்னாள். உண்மை வேறு. அடுத்த வெள்ளத்தில் தெரு முழுக்கக் கீழே வந்து நிற்க வேண்டும். “டீச்சர், கதவைத் திறங்க” என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும். அவள் சாவியோடு இறங்கி வந்து திறக்க வேண்டும். ஜோவிதாவும் அந்தக் கும்பலில் நிற்க வேண்டும். இந்தக் காட்சியை அவள் மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தாள். மழைக்காலம் வந்தால் காலனியே வானத்தைப் பார்த்துப் பயப்படும். வேதா ஒருத்திதான் ஆசையோடு பார்ப்பாள்.

2023 டிசம்பரில் புயல் வந்தது. வேதா விடிந்ததுமே பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கிளறி இறக்கிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஜனங்கள் மூட்டையோடு கிளம்பினார்கள். அவள் வீட்டைத் தாண்டி நேராக ஜோவிதா வீட்டுக்குப் போனார்கள்.

வேதா கூப்பிடவில்லை. அவர்கள்தானே கூப்பிட வேண்டும்? கடைசியில் தெருக்கோடியில் குடியிருந்த பாலு தலையில் சாமான்களோடு போனபோது தாங்க முடியவில்லை.

“ஏன் பாலு, என் வீடு கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரியுது டீச்சர். பூட்டிகினு கீதே! பூட்டுன வூட்ல போய் இன்னான்னு கேக்கறது? அக்கா வூட்டுப் படிக்கு கதவே கெடையாது, பேஜாரே இல்ல” என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தார்.

அண்டாவில் சாதம் ஆறியது. எதிர் மாடியிலிருந்து பேச்சும் சிரிப்பும் வந்தன. அந்தக் கும்பலில் தானும் இல்லையே என்று வேதாவுக்கு அழுகை வந்தது. அதிலும் பாதி கோபம்.

மத்தியானத்துக்குள் தண்ணீர் மார்பளவு ஆயிற்று. திடீரென்று எதிர்வீட்டில் கூச்சல். ஜோவிதா மாடி ஜன்னலில் வந்து நின்றாள்.

“டீச்சர்! போன வெள்ளத்துலயே அடியில ஊறிப்போன சுவரு, இப்ப விரிசல் விட்டு மண்ணு கொட்டுது. இவங்க எல்லாரையும் அங்க அனுப்பட்டுமா?”

“கேக்கணுமா? அனுப்பு!” என்று கத்திக்கொண்டே வேதா படியில் ஓடினாள்.

ஓடியவள் பாதியில் நின்றாள். கேட்டின் பாதி தண்ணீருக்குள் இருந்தது. பூட்டும் தண்ணீருக்குள். படிப்படியாக இறங்கினாள். குளிர்ந்த, நாற்றமடிக்கும் தண்ணீர் நெஞ்சு வரைக்கும் ஏறியது. கையால் துழாவிப் பூட்டைக் கண்டுபிடித்துச் சாவியைச் செருகினாள். திரும்பவில்லை. சேறு உள்ளே புகுந்து அடைத்திருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம், முடிச்சுப் போட்ட புடவைகளைப் பிடித்துக்கொண்டு தெருவே வந்து நின்றது. “டீச்சர், கதவைத் திறங்க!” என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷம் அவள் கேட்க ஆசைப்பட்ட அதே வார்த்தை. ஜோவிதாவும் நின்றாள், யாருடைய குழந்தையையோ தோளில் தூக்கிக்கொண்டு. தண்ணீர் அந்தக் குழந்தையின் பாதத்தைத் தொட்டது.

வேதாவின் கையிலிருந்து சாவி நழுவிப் போயிற்று.

“பாலு, உடை! எழுத்து, கிழுத்து எதையும் பார்க்காதே, உடை!”

கடப்பாரை எங்கிருந்தோ வந்தது. கீல் பெயர்ந்து கேட் அப்படியே சாய்ந்து, ‘வேதா இல்லம்’ தண்ணீருக்குள் போனது. ஜனங்கள் அதன்மேல் மிதித்து ஏறி வந்தார்கள். அகலமான படியில் ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஜோவிதா எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினாள். பல் கிட்டிக்க நடுங்கினாள். வேதா பீரோவைத் திறந்து கைக்கு வந்ததை உருவி அவள் தோளில் போட்டாள். போட்ட பிறகுதான் பார்த்தாள். பழைய சேற்றுக் கறை போகாத பள்ளிக்கூடப் பொன்னாடை.

“பாருடா, ஜோவிதாக்காவுக்கு டீச்சர் பொன்னாடை போத்திட்டாங்கோ!” என்றார் பாலு. வராந்தாவே கைதட்டியது.

வேதா சாதம் பரிமாறிக்கொண்டே உள்ளுக்குள் வெந்தாள். கட்டினது நான், கிளறினது நான், கைதட்டல் அவளுக்கா? அந்தப் பொன்னாடை ஜோவிதாவுக்கு எடுப்பாக வேறு இருந்தது.

தண்ணீர் வடிந்தது. ஜோவிதா வீட்டையும் தூண்மேல் எழுப்ப ஸ்ம்ருதி வருவதாகச் சொல்லியிருந்தாள். கேட்டைச் சேற்றிலிருந்து எடுத்து வேதா பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள், பித்தளை எழுத்தோடு. ஆட்டோ மறுபடி ஓட ஆரம்பித்த காலையில், செடி ஒன்றும் மிஞ்சவில்லை என்றாலும், தண்ணீர்க் குவளையோடு கீழே வந்து நின்றாள். பாலுவின் வண்டி வளைவில் திரும்பியது.

“மாடிப்படியெல்லாம் எறங்கு!”

இறங்கினவர்கள் இறங்கினார்கள். வண்டி போய்விட்டது. வேதா திரும்பித் தன் மாடிப்படியைப் பார்த்தாள். சொந்த வீட்டுப் படியைப் பார்த்தே அவளுக்குப் பொறாமை வந்தது. சிமெண்டுக்கு வந்த வாழ்வு!

அப்போதுதான் எதிர்ப்பக்கம் கவனித்தாள். வாசலில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்த ஜோவிதா, துடைப்பத்தைப் பிடித்தபடி ஆட்டோ போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சுருங்கிக் கிடந்தது. எதையும் கண்டுகொள்ளாதவள் என்று வேதா இத்தனை வருஷம் நினைத்திருந்த ஜோவிதா. அவளும் தினமும் காலையில் இதே நேரத்துக்குத்தான் வாசல் பெருக்குவாள் என்பது வேதாவுக்கு இப்போது உறைத்தது.

“ஜோவிதா, காபி போடட்டுமா?”

ஜோவிதா சட்டென்று முகத்தைத் திருத்திக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத் தெருவைத் தாண்டி வந்தாள்.

“சர்க்கரை தூக்கலா போடுங்க டீச்சர். மனசே சரியில்ல.”