பிரிப்பக்காவும் கழுவிய குழாயும்

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ ஜோடிகளைப் பிரித்திருக்கலாம். ஆனால் அதற்காக மாதாமாதம் சம்பளமும் வருடத்துக்கு இரண்டு சீருடையும் வாங்கிய ஒரே மனுஷி பிரிப்பக்காதான். அவள் முறைத்தால் மலையே இரண்டாகப் பிளந்து, "எந்தப் பக்கம் ஒதுங்கட்டும்?" என்று கேட்கும்.

அவள் பிரித்தது சிலிக்கான் ஜோடிகளை. சிலிக்கோன் ரப்பருக்கு மூலப்பொருள் காய்ச்சும் ஆலையில் அடியில் ஒரு பழுப்புக் கழிவு தங்கிவிடும். அதில் இரண்டிரண்டு சிலிக்கான் அணுக்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, எதற்கும் உதவாமல் கிடக்கும். வினையூக்கி சேர்த்துச் சூடேற்றி, அமில வாயுவை உள்ளே விட்டால் பிடி விட்டுப்போகும். கழிவு மறுபடி சரக்காகும். இல்லையென்றால் எரிஉலைக்குத்தான்.

எரித்துவிடுவதே சுலபம் என்று மேலிடத்துக்கு ஒரு நினைப்பு. கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்று காரில் வந்து இறங்கினார்கள். அன்றைக்குச் சரியாக ஓடினால் பிரிப்பக்காவின் யூனிட் பிழைக்கும். சொதப்பினால் பூட்டு.

கழிவைத் திறந்துவிடும் முன் குழாய்க்குள் நைட்ரஜனை ஊதிக் காயவைப்பது அவள் வழக்கம். அந்தக் கழிவுக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது.

"காய வெச்சுட்டு ஆரம்பிச்சிடறேன் சார்."

"ஏம்மா, எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்க. நேத்து ஓடுன குழாய்தான? திறங்க," என்றார் மேனேஜர்.

திறந்தாள். மேனேஜர் பெருமையாக விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "நீங்க வர்றீங்கன்னு குழாயைக்கூட உள்ள வரைக்கும் தண்ணி விட்டுக் கழுவி வெச்சிருக்கோம் சார்."

'தண்ணி' என்றதுமே பிரிப்பக்கா திரும்பினாள். பாய்ந்து வால்வை மூடினாள். அதற்குள் புஸ்ஸென்று வெள்ளைப் புகை. விருந்தாளிகள் இருமிக்கொண்டே காருக்கு ஓடினார்கள். குழாய்க்குள் எல்லாம் பசையாக இறுகிவிட்டது. கம்பி விட்டுக் குத்தவும் முடியாது; தட்டினாலே தீப்பிடிக்கிற பசை அது. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "இத்தனை வருஷ அனுபவம், கவனமா இருக்க வேணாமா? யூனிட்டை மூடச் சொல்லிட்டாங்க."

பிரிப்பக்கா விட்டாளா? மேசையில் ஓங்கி ஒரு தட்டு. "குழாயைக் குளிப்பாட்டுனது நீங்க! ஊத விடாம திறக்கச் சொன்னது நீங்க! கவனம் மட்டும் நானா?" மேனேஜர் நாற்காலியோடு சேர்ந்து சுருங்கி, சுருங்கி...

இந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு கை வந்து, இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த, பிரிப்பக்காவின் அக்கா மகனின் காதைத் திருகியது.

"நான் எப்படா இப்படிக் கேட்டேன்?"

"ஆ! விடு சித்தி... ஒரு ரெண்டு வரிதான, இருந்துட்டுப் போகட்டுமே."

"'சரி சார்'னேன்டா. அவ்வளவுதான்." பிரிப்பக்கா காதை விட்டாள். "வெளிய வரும்போது கதவைக்கூட சத்தம் வராமதான் சாத்துனேன்."