செங்கல் வகுப்பு

பாக்கியலட்சுமியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவளுடைய பெருமையைச் சொல்லிவிட வேண்டும். அவளே அதைத்தான் முதலில் சொல்வாள். "என்ர வகுப்புல எந்தக் கொழந்தையும் என்னையப் பாத்து பயந்ததில்லீங்கக்கா." புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் டீ ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். என் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் என்னைக் கண்டால் நடுங்குவார்கள், அது அவளுக்கும் தெரியும்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு மரக்கடைக்குப் பின்னால் எங்கள் பள்ளிக்கூடம். அவளுடைய யு.கே.ஜி.க்கும் என் வகுப்புக்கும் நடுவில் வெறும் தட்டிதான். நான் இந்தப் பக்கம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் அந்தப் பக்கம் யானைப் பாட்டு கேட்கும். சந்தில் ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தால் அதையும் பாட்டில் சேர்த்துக்கொள்வார்கள். இதைப் பற்றி நான் ஹெட்மாஸ்டர் நரசிம்மமூர்த்தியிடம் எத்தனை முறை புகார் சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை.

அவள் ராமாபுரத்துக்காரி. கணவருக்கு மேட்டகள்ளித் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் மைசூருக்கு வந்தவள். தசரா விடுமுறை முடியும்வரை அவள் வகுப்பில் பென்சிலுக்கு இடமில்லை. அலுமினியத் தட்டில் ராகியைப் பரப்பி, அதில் விரலால் கோடு போடச் சொல்வாள். டம்ளரிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றச் சொல்வாள். புளியங்கொட்டையையும் அவரைக்கொட்டையையும் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொல்வாள். பிள்ளைகள் தமிழில் கேட்டால் தமிழில், உருதுவில் கேட்டால் உருதுவில் பதில் சொல்லிவிட்டு, அதையே கன்னடத்தில் இன்னொரு தடவை சொல்வாள். ஃபீஸ் கட்டி அனுப்பினால் ராகியில் விளையாட விடுகிறீர்களே என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். பக்கத்துச் சந்துப் பள்ளியில் அதே வயதுப் பிள்ளைகள் காப்பி நோட்டே முடித்துவிட்டார்களாம். "விரலு பழகட்டுமுங்க. பென்சிலு எங்கயும் ஓடிப்போயிராது" என்பாள் இவள். ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகு அவளுடைய பிள்ளைகள்தான் நன்றாக எழுதினார்கள். அதனால் ஹெட்மாஸ்டர் கண்டும் காணாமல் இருந்தார்.

ஆனால் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. மார்ச் மாதம் ஒவ்வொரு யு.கே.ஜி. குழந்தையும் அவர் அறைக்குப் போய், தன் பெயர், அப்பா பெயர், ஐந்து பழங்களின் பெயர் சொல்ல வேண்டும். வாய் திறக்காத குழந்தைக்கு ஒன்றாம் வகுப்பு கிடையாது.

தொண்ணூற்றாறில் இந்தச் சட்டத்தில் வந்து மாட்டியவன் பரத். அவனுடைய அப்பா மாரிசாமி கொத்தனார், அம்மா சென்னம்மா சித்தாள். அவர்களும் ராமாபுரம் பக்கம் என்பதால் பாக்கியலட்சுமிக்கு அவன்மேல் தனிப் பிரியம். ஜூன் மாதம் சேர்ந்தவன், பிப்ரவரிவரை பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டை பிரிப்பதில் முதலில் முடிப்பவன் அவன்தான். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். ஆஜர் எடுக்கும்போது கையை மட்டும் தூக்குவான். "மிஸ், பரத்துக்குத் தண்ணி வேணுமாம்" என்று மற்ற பிள்ளைகள் சொல்வார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"ஸ்வல்ப யோசிச்சுப் பாருங்கோ பாக்கியலட்சுமி. இந்தப் பையனுக்குப் பேச்சு வராது. அதுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு, அங்க சேத்துடச் சொல்லுங்கோ" என்றார் ஹெட்மாஸ்டர்.

சென்னம்மாவை அழைத்துக் கேட்டபோது அவள் பதறிப்போனாள். "ஊட்டுல வாயே மூட மாட்டானுங்க மிஸ். நாங்கதான் சித்த நேரம் சும்மா இருடாங்கிறோம்."

"எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்லுவா" என்றார் ஹெட்மாஸ்டர்.

கூட வந்திருந்த மாரிசாமி எதுவும் வாதாடவில்லை. "இங்க சேக்கலீன்னா ஊருக்கு எங்கண்ணங்கிட்ட அனுப்பீர்றேனுங்க. ஆடு மேய்க்கப் பேச்சு எதுக்குங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னதைத்தான் பாக்கியலட்சுமியால் தாங்க முடியவில்லை. அன்று மதியம் அவள் சாப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வீடென்றால் வீடில்லை, குவெம்பு நகரில் யாரோ கட்டிக்கொண்டிருந்த பங்களா. கட்டி முடியும்வரை காவலுக்கு இவர்கள் அதிலேயே குடியிருந்தார்கள். சென்னம்மா வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்து, உள்ளே கை காட்டினாள்.

நிலை மட்டும் வைத்து, கதவு இன்னும் மாட்டாத அறை. சிமெண்டுத் தரையில் செங்கற்களை வரிசையாக நிறுத்தி வைத்து, எதிரே கையில் குச்சியோடு நின்றுகொண்டிருந்தான் பரத். பேசிக்கொண்டிருந்தான். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. "சல்மா, தண்ணிய சிந்தாம ஊத்து. கிரண், மனிஷாவ இடிக்காத சாமி." இழுப்பும் கொஞ்சலும் அச்சு அசல் பாக்கியலட்சுமி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் என் கையைக் கிள்ளினாள், அவளும்தான் சிரித்தாள்.

ஒரு செங்கல் மட்டும் தனியாக மூலையில் நின்றது. அவன் அதன் முன்னால் போய்க் குனிந்தான்.

"உன்ர பேரென்ன? சொல்லு சாமி. ஏன், வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

உடனே ஓடிப்போய் மற்ற செங்கற்களின் நடுவில் நின்று, எல்லோருக்குமாகச் சேர்த்து உரக்கச் சிரித்தான். பிறகு மெல்லத் திரும்பி வந்து, அந்த ஒற்றைச் செங்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

பாக்கியலட்சுமியின் முகத்தில் ஈயாடவில்லை. "நாந்தானுங்கக்கா சொன்னேன்" என்றாள். "மொத நாளு, பேரு கேக்கறப்ப. அவனச் சிரிக்க வெக்கலாம்னு."

"எல்லாரும் சொல்றதுதானேடி. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்றேன்" என்றேன்.

"எல்லாரும் சிரிச்சாங்கக்கா. இவன் ஒருத்தன் மட்டும் சிரிக்கல. நான் அதப் பாக்காமப் போயிட்டேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவளைப் பார்த்ததும் அவன் பேச்சு அறுந்து நின்றது. குச்சியைப் பின்னால் மறைத்துக்கொண்டான். போச்சு, வீட்டிலும் இனிப் பேச மாட்டான் என்று எனக்குப் பகீரென்றது. அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் அந்த ஒற்றைச் செங்கல்லுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்த்தான், செங்கற்களைப் பார்த்தான், வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தான். வெகு நேரம் கழித்துக் குச்சி மெல்ல முன்னால் வந்தது.

"உன்ர பேரென்ன?" காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும், அவ்வளவு சன்னமாக.

"சொல்றதுக்குப் பயமா இருக்குதுங்க மிஸ்" என்றாள் பாக்கியலட்சுமி. "எல்லாரும் சிரிப்பாங்க."

அவன் யோசித்தான். குச்சியைக் கீழே வைத்தான். வரிசைக்குப் போய் ஒவ்வொரு செங்கல்லாகத் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். கனம்தான். இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்க வேண்டியிருந்தது, ஆனால் ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் திருப்பிவிட்டு அவளிடம் வந்து காதைக் காட்டினான்.

"இப்ப சொல்லு. யாரும் பாக்கல."

அவள் அந்தக் காதில் தன் பெயரைச் சொன்னாள். நான் வெளியே வந்து, துவைத்துப் பிழிந்த துணிகளைச் சென்னம்மாவோடு சேர்ந்து உதறிக் காயப் போட்டேன். அழுகையை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

மார்ச் மாதம் பரத்தின் முறை வந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"சார், நீங்க கொஞ்சம் சுவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கோணுமுங்க."

"சுவத்தைப் பாத்து உக்கார்ற அளவுக்கு நான் என்னம்மா தப்புப் பண்ணிட்டேன்?"

"தப்பு பண்ணுனது நானுங்க. நானும் திரும்பிக்கறேன்."

அவர் அவளையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். மனுஷருக்குக் கௌரவம் அதிகம், பியூன் எதிரில் இருந்தால் தும்மக்கூட மாட்டார். என்ன தோன்றியதோ, பெருமூச்சு விட்டு நாற்காலியைத் திருப்பினார். அவளும் அவர் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றாள். நான் கதவுக்கு வெளியே ஒதுங்கிக்கொண்டேன்.

"உன் பேரென்னப்பா?" என்று சுவரைக் கேட்டார் ஹெட்மாஸ்டர்.

மரக்கடையில் ரம்பம் ஓடி நின்றது. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

"பரத்து."

அப்புறம் "மாரிசாமி" வந்தது. பழங்கள் வந்தன, வாழை, கொய்யா, சீத்தா, பலா, நாவல். ஐந்தோடு நிற்கவில்லை, மாதுளை, சப்போட்டா என்று போய்க்கொண்டே இருந்தன. எல்லாம் முடிந்த பிறகும் ஹெட்மாஸ்டர் அசையவில்லை. பாக்கியலட்சுமியும் திரும்பவில்லை. அவளுடைய தோள் குலுங்குவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

பரத் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு நாற்காலியின் பின்னால் போய், வாசலில் நின்ற எனக்கும் தெளிவாகக் கேட்கிற குரலில் சொன்னான்:

"முடிஞ்சிருச்சுங்க சார். ரெண்டு பேரும் திரும்பிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன்."