பாவுக் கஞ்சிப் பதம்

மலக்குடலில் கட்டி என்று சொன்ன நாளில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. கரன்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சை வைக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம்தான் ஆட்டம் கண்டுவிட்டேன். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நாலு இழை ஓட்டுவதற்குள் வயிறு கக்கூசுக்குக் கூப்பிடும். ஐயம்பேட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன். டிரைவர் பாட்டுப் போட்டால்கூட எரிந்து விழுவேன்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்கும் பெண் தாமல் பக்கத்துக்காரி. மகள் வயதுதான் இருக்கும். சத்து மாவு டப்பா ஒன்றைக் கொடுத்து, ஒரு ஸ்பூன் மாவு, பெரிய டம்ளர் நிறைய வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், பால் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் கலக்கிப் பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீரைவிட நீர்த்துக் கிடந்தது. நாற்பது வருஷம் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்ட கை இது. பாவில் இழை அறுந்துகொண்டே இருந்தால் கஞ்சி போதவில்லை, கெட்டியாக்கு என்பதுதான் நாங்கள் அறிந்த வைத்தியம். வயிற்றுக்கு மட்டும் வேறு சட்டமா? அரை டம்ளர் பாலில் நான்கு ஸ்பூன் போட்டு, விரலில் ஒட்டும் பதத்துக்குக் கலக்கினேன்.

"அந்தப் பொண்ணு இப்டியா கலக்கச் சொல்லுச்சு?" என்றாள் மனைவி.

"கஞ்சிப் பதம் எனக்கே கத்துக் குடுக்கிறியா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஒரு நாளைக்கு ஐந்து தடவை போனது பத்தானது. அந்தப் பெண் தினமும் கூடத்தில், அத்தனை பேர் நடுவில், "எத்தினி வாட்டி போனீங்கபா?" என்று கேட்பாள். எனக்கு மானம் போகும். "ரெண்டு, மூணு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்ப்பேன்.

ஒரு நாள் வரிசையிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இப்படியே போனால் கரன்டை நிறுத்த வேண்டிவரும், நடுவில் நின்றால் இதுவரை வைத்ததன் பலனும் குறைந்துபோகும் என்றார். ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். என் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு உயிர்ப்பயம் வந்தது.

கொஞ்சம் தெம்பு வந்ததும் அந்தப் பெண் டப்பாவையும் டம்ளரையும் கொண்டுவந்து வைத்தாள். "வூட்ல எப்டி கலக்குறீங்களோ, அப்டியே கலக்கிக் காட்டுங்கபா."

கலக்கினேன். அவள் ஸ்பூனைத் தூக்கிக் கவிழ்த்தாள். மாவு விழவில்லை.

"இன்னாபா இது, போஸ்டர் ஒட்டப் போறீங்களா?" என்று சிரித்துவிட்டாள். நான் பாவுக் கணக்கைச் சொன்னேன். வாயைத் திறந்ததோடு, எண்ணிக்கையில் சொன்ன பொய்யையும் கொட்டிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவ்வளவு கெட்டியாகப் போனால் குடல் உடம்புத் தண்ணீரையும் இழுத்து வெளியே தள்ளும், கரன்டில் புண்பட்ட குடலுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள்.

பிறகு மனைவிதான் கலக்கினாள். வயிற்றுப்போக்கு ஒரே நாளில் நின்றுவிடவில்லை. டாக்டர் மாத்திரையும் கொடுத்தார். பத்து ஆறாகி, ஆறு மூன்றானது. கரன்ட் ஒரு நாளும் நிற்கவில்லை.

கடைசி நாள் மெஷினிலிருந்து இறங்கியதும் அவளைத் தேடிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். தெய்வத்தைத் தவிர வேறு யாரையும் நான் அப்படிக் கும்பிட்டதில்லை.

"ஐயோ, கைய எறக்குங்கபா" என்று பதறினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "எங்கப்பாவுக்கும் இதே வியாதிதான். இதே மாதிரிதான் போய்க்கினு இருந்துது. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு பாதியில கரன்ட விட்டுட்டாரு. வூட்ல எங்களுக்கே அப்புறமாதான் தெரியும்."

"நல்லா இரும்மா" என்றேன். அவள் என் சீட்டை வாங்கி, 'முழுவதும் முடிந்தது' என்று எழுதிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.