அக்கா சொல்லிக் கொடுத்த பெரிஸ்கோப்

எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நானும் மல்லிகா அக்காவும் தற்காலிக வேலையில் இருந்தோம். ஒரே தோட்டம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற ஒரே லயம். நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டை வாடிக்கையாளர்களுக்கு யார் நன்றாக ஆடிக் காட்டுகிறாரோ அவருக்கே நிரந்தர வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்த விளையாட்டில் முன்பே பழகியிருந்த அக்காதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். “பெரிஸ்கோப்ப எறக்கவே எறக்காத லா. எதிரிக் கப்பல் வந்தா ஃபுல் ஸ்பீட்ல ஓடிரு.”

அக்காவே சொன்ன பிறகு, விளையாட்டோடு வந்த கையேட்டை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

முதலாளி முன்னால் அப்படியே ஆடினேன். இரண்டே நிமிடத்தில் என் கப்பல் மூழ்கியது.

அடுத்து அக்கா உட்கார்ந்தார். எதிரிக் கப்பல் தெரிந்ததுமே, நீருக்கு மேல் நீட்டிப் பார்க்கும் பெரிஸ்கோப் குழாயை இறக்கினார். இன்ஜினை நிறுத்திவிட்டு ஆழத்தில் சத்தமில்லாமல் கிடந்தார். மேலே சுற்றிய கப்பல் ஏமாந்து திரும்பிப் போனது. முதலாளி கைதட்டினார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். “ஏன்க்கா எனக்கு மாத்திச் சொன்னீங்க?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தோட்டம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை, அசையவும் இல்லை.

ஆபத்து தலைக்கு மேல் வரும்போது எப்படித் தப்புவது என்பதை அவர் அன்று இரண்டு முறை ஆடிக் காட்டினார். கடையில் ஒரு முறை, பஸ்ஸில் ஒரு முறை.