வெகு சிலருக்கு மட்டும்

போன ஞாயிறு மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், அச்சரப்பாக்கத்தில் நெல் வியாபாரம் செய்பவர், எதிர் வரிசையில் இருந்த என் மகனின் வழுக்கையைப் பார்த்துவிட்டு என் காதருகே சாய்ந்தார்.

"சார், என் பையனுக்கும் கொட்டிகினு கீது. லோஷன் நல்லதா, மாத்திரை நல்லதா?"

வழுக்கைத் தலையனின் அப்பாவிடம் முடி வைத்தியம் கேட்கிறார்... விவரமான ஆள்தான்.

ஆனால், அனுபவம் எனக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன்பு, நாவலூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்த மகனுக்கு நெற்றி ஏறத் தொடங்கியது. பெண் பார்க்கிற நேரம். விடுவேனா? செங்கல்பட்டு டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். லோஷன் — தினமும் தடவ வேண்டும். முதலில் இன்னும் கொட்டும். மாத்திரை — தினமும் போட வேண்டும். வெகு சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், மனசு சோர்ந்துபோகும். எதை நிறுத்தினாலும் வந்த முடி போய்விடும். ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான்.

"தம்பி, நீங்க இன்னா சொல்றீங்க?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "மாத்திரையே எழுதுங்க சார்."

என் மனைவி தன் பங்குக்கு, முடி வளர்ந்தால் திருப்போரூர் முருகனுக்கு மொட்டை என்று வேண்டிக்கொண்டாள். மழிப்பதற்காக முடி வளர்ப்பது — படித்தவர்கள் வீட்டுத் திட்டம் அப்படி.

நடுவில் ஒருநாள் மகன் சொன்னான்: "மனசே சரியில்லப்பா. மாத்திரையாலயோன்னு தோணுது."

"அதெல்லாம் வெகு சிலருக்குத்தாண்டா" என்றேன்.

சொன்னது யார்? அணு ஆராய்ச்சி நிலையத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன். வெகு அபூர்வமாக நடக்கக்கூடியதை நினைத்துப் பயப்படுவதற்கே ஓய்வு பெறும்வரை சம்பளம் வாங்கியவன்.

முடி வந்தது. சாமிக் கடனை முடித்துவிட்டுத்தான் நல்ல காரியம் என்றாள் மனைவி. ஆக, மதுராந்தகத்தில் பெண் பார்க்க மொட்டைத் தலையோடு போய் உட்கார்ந்தான்.

"போட்டோல முடி கீதே?" என்றார் பெண்ணின் மாமா.

இருவரையும் தனியாகப் பேச விட்டோம். நான் காதில் வாங்காததை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறான். "முடியையா கட்டிக்கப் போறேன்? டாக்டரைக் கேட்டு நிறுத்திடுங்க" என்றாளாம். நிறுத்தினான். முடி போனது. சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது.

அந்த மாதங்களுக்காக நான் இன்னும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இங்கே எழுதுவது சுலபமாக இருக்கிறது.

நெல் வியாபாரியிடம் இவ்வளவையும் சொல்லி, "எதுன்னாலும் முதல்ல பையனைக் கேளுங்க" என்றேன்.

"அவனை இன்னா சார் கேக்கறது?" என்றார், இடது கையால் தலையைக் கோதிக்கொண்டே.

நல்ல அடர்த்தியான முடி அவருக்கு. எனக்கும்தான்.