தவக்காலத்தில் விட்ட மாத்திரை

மனநல மருத்துவமனை ஓ.பி.யில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த அறுபதுகளில் இமிப்ரமின் மாத்திரை எங்களுக்கே புதுசு. மனச்சோர்வுக்குக் கொடுப்போம். இரண்டு மூன்று வாரம் ஒன்றும் நடக்காது. அதுவரை நோயாளியின் வீட்டாரிடம் திட்டு வாங்குவது நர்ஸின் வேலை.

காக்ஸ் டவுன் ஆரோக்கியசாமி கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கிணற்றுச் சுவரில் ஏறி நின்றவரை மனைவி மரியம்மாள் வேட்டியைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தார். பேச்சில்லை, சாப்பாடில்லை, சுவரைப் பார்த்தே படுக்கை. டாக்டர் மாத்திரையைத் தொடங்கினார். மரியம்மாள் என்னைத் திட்டத் தொடங்கினார்.

ஒரு மாதம் போனது. மரியம்மாள் சிரித்துக்கொண்டே வந்தார். "சிஸ்டர், கறியில உப்பு கம்மின்னு தட்டைத் தள்ளிட்டாரு!"

இதைவிட நல்ல ரிப்போர்ட் எனக்கு அதுவரை வந்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் பாதியில் மறுபடி அவரை இழுத்துவந்தார். அதே பழைய முகம். கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டதாக மரியம்மாள் சொன்னார்.

டாக்டர் தார்வாட்காரர், கன்னடம் கலந்துதான் பேசுவார். "மாத்திரை நிறுத்திட்டாரா? யாக்கே, ஏன்னு கேளம்மா," என்றார்.

கேட்டேன். ஆரோக்கியசாமி சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "தவக்காலத்துல பிடிச்சது எதையாச்சும் வுடணும்னு சர்ச்சு சாமியார் சொன்னாரு. பீடி, சாராயம் எல்லாம் எப்பவோ வுட்டாச்சு. இந்த மாத்திரை ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. அதை வுட்டுட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் கத்தோலிக்கப் பெண்தான். அந்த வருடம் காபியை விட்டிருந்தேன், தலைவலியில் இருந்தேன்.

"மாத்திரை போட்டா வாய் காயுதா?" என்றேன்.

"நாக்கு மேல ஒட்டிக்கும்."

"மலச்சிக்கல்?"

"அதை ஏன் கேக்குறீங்க."

"அப்ப கஷ்டப்பட்டு அதை முழுங்குறதுதான் ஆண்டவருக்குப் பண்ற ஒறுத்தல். வுடுறது இல்ல."

மாத்திரைக்குக் கையை நீட்டினார்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் மரியம்மாள் தனியாக வந்தார். பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"அவரு எங்கம்மா?"

"கறிக்கடையில நிக்கிறாரு. தவக்காலம்தான் முடிஞ்சிடுச்சே, மாத்திரைய நிறுத்தலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

இளம் நர்ஸுகளுக்குச் சொல்கிறேன்: குணமாகாதவர் நம்மைத் திட்டிவிட்டுத்தான் மாத்திரையை நிறுத்துவார். குணமானவர் சொல்லாமல் நிறுத்துவார். அவரிடம்தான் அதிகம் விசாரிக்க வேண்டும்.

"டாக்டர் சொல்ற வரைக்கும் அவருக்குத் தவக்காலந்தான்னு சொல்லுங்க," என்றேன். உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு ஒரு காபி குடித்தேன்.