மச்சானும் வந்த ஞாயிறு

கண்ணாடிக்காரர் வாரத்தில் ஆறு நாளும் மச்சான் முகத்தில்தான் விழித்தாக வேண்டும். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கண்ணாடிக் கடை அவருடையது. கடைக்கு மேலே இவர்கள் குடியிருக்கும் இரண்டு அறையும் அவருடையது. கல்யாணமான புதிதில் வேலை இல்லாமல் நின்றவரைக் கூப்பிட்டு, ஜன்னல் கண்ணாடி அறுக்கக் கற்றுக்கொடுத்து, கையோடு வைத்துக்கொண்டார். அவர் இருப்பது எதிர்வீடு. இங்கே இருமினால் அங்கிருந்து, "மருந்து சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று குரல் வரும். கெட்ட மனிதர் என்றால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பலாம். பாசத்தைக் கொட்டுபவரிடம் எந்தப் பக்கம் திமிறுவது?

ஞாயிறு மட்டும் இவருக்குச் சொந்தம். நகரத்தை ஒட்டிய குன்றுகளில் நான்கு பழைய கோட்டைகள் உண்டு. அவற்றைக் கோத்தபடி ஒரு பாதை போகிறது. நடப்பவர்கள் நடப்பார்கள், தடித்த டயர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஓட்டுவார்கள். ஒரு பக்கம் இடிந்த மதில். மறுபக்கம் கீழே அடுக்குமாடிகளின் பால்கனிகளில் காயும் துணிகள். இவர் போவது சைக்கிளில். படிக்கட்டு வந்தால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார்.

அந்தப் பாதையில் பழக்கமானவர் ஒரு வெளியூர் கட்டட கான்ட்ராக்டர். "எங்க ஊருக்கு வந்துடுங்க. வேலை இருக்கு, வீடும் பார்த்துத் தரேன்" என்றார். இவர் தலையாட்டிவிட்டார். மனைவியும் மறுக்கவில்லை. "ஆனா அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும். என்னால அழாம சொல்ல முடியாது."

சொல்லலாம் என்று வாயெடுத்த அன்று மச்சான் முந்திக்கொண்டார். "மாப்பிள்ளை, டாக்டர் தொப்பையைக் குறைக்கச் சொல்லிட்டார். இந்த ஞாயித்துக்கிழமை நானும் வரேன்!"

ஞாயிறன்று புது சைக்கிள், ஹெல்மெட், முழங்கால் கவசம் சகிதமாக வந்து நின்றார். "எப்படி இருக்கேன்?"

"கோட்டையைப் பிடிக்கப் போற மாதிரி இருக்கீங்க மச்சான்."

முதல் கோட்டை வாசலிலேயே அவருக்கு நாக்கு தள்ளிவிட்டது. ஆனாலும் பேச்சு ஓயவில்லை. பக்கத்துக் கடையையும் எடுக்கப் போகிறாராம், அதை மாப்பிள்ளைதான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இவர் பெடலை அழுத்தி மிதித்தார்.

மூன்றாவது கோட்டையில் இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு குறுகிய இறக்கம். "இறங்கித் தள்ளிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு இவர் முன்னால் போனார். மச்சான் கேட்கவில்லை. பின்னால் தடால் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் மச்சான் கீழே, சைக்கிள் அவர் மேலே, ஒரு கால் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே கோணிக்கொண்டு கிடந்தது. சைக்கிளை அசைத்தால் அலறினார். விட்டால் அதன் எடை காலில் இறங்கியது. இவர் போனில் ஆள் கூப்பிட்டுவிட்டு, முதுகைச் சுவரில் கொடுத்து, சக்கரத்தை இரண்டு கையாலும் தாங்கியபடி குந்திக்கொண்டார். நகர வழியில்லை.

இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. "மச்சான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"போறேன்னுதானே?" மச்சான் கண்ணைத் திறக்கவில்லை. "அந்தக் கான்ட்ராக்டர் கடைக்குப் போன் பண்ணி உங்களைப் பத்தி விசாரிச்சார். தங்கமான மனுஷன்னு சொன்னேன்."

இவர் நழுவப் பார்த்த சக்கரத்தை மறுபடி தூக்கிப் பிடித்தார்.

"தொப்பையெல்லாம் சும்மா. வாராவாரம் இங்கதானே ஓடி வர்றீங்க? அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க வந்தேன்." கண்ணைத் திறந்து சொன்னார்: "போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். போங்கன்னு சொல்லவும் வாய் வரல."

ஆட்கள் தூக்குப்படுக்கையோடு ஏறி வருவதற்குள் இவருடைய கைகள் மரத்துப்போயின.

கால் எலும்பு முறிந்திருந்தது; ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். கடையைத் திறக்க ஆள் வேண்டியிருந்தது. இவரே கான்ட்ராக்டரை அழைத்து, மச்சானுக்குக் கால் சரியாகட்டும், பிறகு வருகிறேன் என்றார். அவரும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார். செய்தி வந்த அன்று மனைவி அட்டைப் பெட்டியில் கட்டிவைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.

"உங்களைக் கெடுத்துட்டேன் மாப்பிள்ளை" என்று மச்சான் கண்கலங்கினார். அதற்கும் இவர்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது ஞாயிறு காலைகளில் மச்சானுக்கு நடைப்பயிற்சி. தெருமுனைவரை போய்த் திரும்ப வேண்டும். அவர் ஒரு கையில் ஊன்றுகோல் பிடித்து, மறுகையை இவர் தோளில் போட்டுக்கொள்வார். கனமான கை. "வலிக்குதா மாப்பிள்ளை?" என்று கேட்பார்.

"இல்ல மச்சான்" என்று சொல்லி, அவர் அடுத்த அடி வைக்கும்வரை இவர் அங்கேயே நிற்பார்.